கூலாயிலிருந்து டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் வேலைக்கு: எதைப் படிப்பது, எதற்கு இப்போது பணம் கட்ட வேண்டாம்

கேள்வி இதுதான். மலேசியாவில் ஜொகூர் மாநிலத்துக் கூலாயில் இருக்கும் ஒரு தங்கை ஐ.டி. டிப்ளோமா கடைசி செமஸ்டரில் இருக்கிறார். அப்பா பக்கத்துத் தோட்டத்து எண்ணெய் ஆலையில் எடைப் பாலத்தில் கிராணி, அதாவது எழுத்தர். தங்கைக்கு டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் (தரவுத்தள நிர்வாகி), சுருக்கமாக டி.பி.ஏ., ஆக வேண்டும் என்று ஆசை. ஜொகூர் பாருவில் ஒரு பயிற்சி நிலையம் ஆரக்கிள் என்ற தரவுத்தள மென்பொருளுக்கான 2 மாத வகுப்புக்கு 6,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறது. அப்பா சேமிப்பை எடுத்துக் கட்டத் தயாராக இருக்கிறார். "கட்டலாமா? எனக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? வீட்டுக்குப் பக்கத்திலேயே டேட்டா சென்டர் வருகிறதே, அதில் வேலை கிடைக்குமா?" என்று கேட்கிறார்.

நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன். ஜொகூர் தோட்டத்தில் வளர்ந்தவள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அந்த 6,000 வெள்ளியை இப்போது கட்ட வேண்டாம், தங்கச்சி. காரணம் பின்னால் வருகிறது. முதலில் டேட்டா சென்டர் விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுவோம், நம் பக்கத்து வீடுகளில் பலரும் இதில்தான் குழம்புகிறார்கள். கூலாய் யங் எஸ்டேட் நிலத்தில் ஒய்.டி.எல். நிறுவனம் 500 மெகாவாட் திட்டத்தோடு டேட்டா சென்டர் பூங்கா அமைக்கிறது. செடெனாக் பக்கமும் செம்பனை நின்ற இடங்களில் இதே மாதிரிக் கட்டடங்கள் எழுகின்றன. அவற்றுக்குள் நடக்கும் வேலை பெரும்பாலும் மின்சாரம், குளிரூட்டல், ஜெனரேட்டர், கேபிள், செர்வர் பொருத்துவது, காவல். அதற்கு வயர்மேன் படித்தவர், ஏர்கோன் தெரிந்தவர், நெட்வொர்க் டெக்னீஷியன் வேண்டும். நல்ல வேலைகள்தான், உங்கள் தம்பி தொழிற்கல்வி படிக்கிறார் என்றால் அவரிடம் சொல்லுங்கள். ஆனால் டி.பி.ஏ. உட்காரும் இடம் வேறு. தரவு அந்தக் கட்டடத்தில் இருக்கலாம், அதைப் பராமரிப்பவர் ஜொகூர் பாருவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்திலோ கோலாலம்பூரில் ஒரு வங்கியிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். பல சமயம் தன் வீட்டிலேயே இருப்பார். கட்டடம் பக்கத்தில் வருகிறது என்பதை வைத்து இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வேலை பிடித்திருந்தால் தேர்ந்தெடுங்கள்.

வேலை என்ன? பழைய தோட்டத்தில் செக்ரோலை, அதாவது வருகைப் பதிவேட்டை, வைத்திருந்த கிராணியாரை நினைத்துக்கொள்ளுங்கள். யார் எத்தனை நாள் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வந்தார் என்பது அந்தப் புத்தகத்தில்தான் இருந்தது, அது தொலைந்தால் மாதச் சம்பளமே இல்லை. யார் அதைத் திறக்கலாம், யார் எழுதலாம், எங்கே பூட்டி வைப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. டி.பி.ஏ.வின் பொறுப்பும் அதுதான். மென்பொருள் எழுதுகிறவர் புது வசதிகளைச் சேர்த்துக்கொண்டே போவார். டி.பி.ஏ. தரவு அழியாமல், கண்டவர் கையில் போகாமல், கேட்ட நேரத்தில் வேகமாகக் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வார். அதில் பேக்கப் எடுப்பது, திரும்ப மீட்பது, யாருக்கு என்ன அனுமதி, தரவுத்தளத்திடம் கேட்கும் எந்தக் கேள்வி ஏன் மெதுவாக ஓடுகிறது, பதிப்பு மாற்றுவது, வட்டில் (டிஸ்க்) இடம் தீரும் முன் கவனிப்பது எல்லாம் அடங்கும். இவற்றில் மீட்பதுதான் உயிர். மற்றவற்றில் ஒன்றிரண்டு தெரியாமல் இருந்தாலும் வேலையில் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம். மீட்கத் தெரியாதவரிடம் யாரும் சாவியைத் தர மாட்டார்கள், தரவும் கூடாது.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம். முதலில் எஸ்.கியூ.எல்., அதாவது தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி, அதுவும் ஆழமாக. இன்று நீங்கள் கேள்விப்படும் ஆரக்கிள், எஸ்.கியூ.எல். செர்வர், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் எல்லாமே 1970-இல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் வெளியிட்ட ஒரே கட்டுரையின் யோசனையில் நிற்பவை. தரவை அட்டவணைகளாக வைத்து, அவற்றுக்கிடையே உள்ள உறவை வைத்துக் கேள்வி கேட்பது. சில ஆண்டுகளில் அதே கம்பெனியில் இந்தக் கேள்வி மொழி பிறந்தது. ஐம்பது வருஷமாக அடித்தளம் மாறவில்லை. அதனால்தான் ஒன்றை ஒழுங்காகக் கற்றால் அடுத்ததற்குப் போவது சுலபம்.

டிப்ளோமாவில் எஸ்.கியூ.எல். படித்திருப்பீர்கள். செலக்ட், ஜாயின், குரூப் பை எல்லாம் தெரியும் என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனால் ஒரு டி.பி.ஏ.வுக்கு வேண்டியது அதற்கு அடுத்த படி. தரவுத்தளமே தப்பை மறுக்கும்படி அட்டவணையை அமைக்கத் தெரிய வேண்டும்.

உங்கள் அப்பா வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். லோரி பழக்குலைகளோடு உள்ளே வருகிறது, எடைப் பாலத்தில் ஏறுகிறது, 14,320 கிலோ. ஒரு சீட்டு திறக்கப்படுகிறது. பழத்தைக் கொட்டிவிட்டு வெறும் லோரியாகத் திரும்பி ஏறும்போது 5,180 கிலோ. கழித்தால் 9,140 கிலோ பழம், அதற்குத்தான் காசு. இதை அட்டவணையில் போடுவது சின்ன வேலை மாதிரித் தெரியும். இப்போது யோசியுங்கள்: வெறும் லோரி எடை சுமை எடையைவிட அதிகமாகப் பதிவானால்? லோரி இரண்டாவது முறை ஏறாமலே வெளியே போய், சாயங்காலம் அடுத்த சுமையோடு வந்தால்? ஒரே லோரிக்கு இரண்டு திறந்த சீட்டு இருந்தால் எந்தச் சுமையிலிருந்து எந்த எடையைக் கழிப்பது?

பெரும்பாலான மென்பொருளில் இந்தச் சோதனையைத் திரையில் வைத்திருப்பார்கள். இரண்டு கணினியிலிருந்து இரண்டு பேர் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால் திரைச் சோதனை இரண்டையும் விட்டுவிடும், ஏனென்றால் இருவர் பார்க்கும்போதும் திறந்த சீட்டு இல்லை. தரவுத்தளத்தில் விதியை வைத்தால் அது நடக்காது. போஸ்ட்கிரெஸில் "வெளியேறிய நேரம் காலியாக இருக்கும் சீட்டுகளில் ஒரு லோரி எண் ஒரு முறைதான் வரலாம்" என்று ஒரு பகுதி யூனிக் இண்டெக்ஸாகவே (ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்கும் அட்டவணைக் குறிப்பு) போட்டுவிடலாம். சுமை எடை வெறும் எடையைவிட அதிகம் என்பதற்கு ஒரு செக் கன்ஸ்ட்ரெய்ன்ட், அதாவது மீறினால் பதிவை மறுக்கும் விதி. இரண்டு வரிகள். அப்புறம் எந்த மென்பொருள் வந்தாலும், யார் எழுதினாலும் அந்தத் தப்பு உள்ளே நுழையாது. இதை நீங்களே உட்கார்ந்து கட்டுங்கள்: லோரிகள், தோட்டங்கள், சீட்டுகள், தர நிர்ணயம் என்று நான்கைந்து அட்டவணை போதும். இரண்டு சன்னலைத் திறந்து இரண்டு பேராக நின்று ஒரே சீட்டை ஒரே சமயத்தில் மாற்றிப் பாருங்கள். ஒருவர் காத்திருப்பதைக் கண்ணால் பார்ப்பீர்கள். லாக் (பூட்டு), டெட்லாக் (இருவர் ஒருவருக்காக ஒருவர் காத்து முடங்குவது), டிரான்சாக்ஷன் என்று புத்தகத்தில் படித்ததெல்லாம் அன்றைக்குத்தான் மண்டையில் ஏறும்.

நம் ஊருக்கே உரிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கம், முதல் ஆறு பிறந்த தேதி. 2005-இல் பிறந்தவர் எண் 05 என்று தொடங்கும். அதை எண் வகையில் சேமித்தால் முன்னால் இருக்கும் பூஜ்ஜியம் காணாமல் போய் 11 இலக்கம் ஆகிவிடும். 2000-க்கு முன் பிறந்தவர்களை வைத்தே சோதித்த பழைய சிஸ்டங்கள் இதில் மாட்டிக்கொள்ளும். கூட்டல் கழித்தல் செய்யாத எண்ணை எழுத்தாகச் சேமியுங்கள். அதே மாதிரி நம் பெயர்களில் வரும் ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்). ஒரு படிவம் சாய்கோட்டை ஏற்கும், இன்னொன்று மறுக்கும், மூன்றாவது அதைத் தூக்கிவிட்டுச் சேர்த்து எழுதும். கடைசியில் ஒரே ஆள் மூன்று பேராக இருப்பார். நம் பெயர் என்ன பாடுபடுகிறது என்பது நமக்குத் தெரியும். அந்த அறிவை வேலைக்குக் கொண்டுபோங்கள், வேறு யாரும் இதைக் கவனிக்க மாட்டார்கள்.

அடுத்தது வேகம். "சிஸ்டம் ஸ்லோவாக இருக்கிறது" என்ற ஒரு வாக்கியத்தை இந்த வேலையில் வாழ்நாள் முழுவதும் கேட்பீர்கள். எக்ஸ்பிளெய்ன் என்ற கட்டளையைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் தேட தரவுத்தளம் எந்த வழியில் போகப்போகிறது என்று அது காட்டும். சீட்டு அட்டவணையில் பத்து லட்சம் வரிசையைப் போலியாக உருவாக்கி நிரப்புங்கள், போஸ்ட்கிரெஸில் ஒரே வரியில் செய்யலாம். தேதிக்கு இண்டெக்ஸ், அதாவது தேடலை வேகமாக்கும் குறிப்பு, போடுங்கள். இப்போது மார்ச் மாதச் சீட்டுகளை இரண்டு விதமாகக் கேளுங்கள். ஒன்றில் தேதியிலிருந்து மாதத்தையும் ஆண்டையும் பிரித்தெடுத்துக் கேளுங்கள். இன்னொன்றில் மார்ச் 1 முதல் ஏப்ரல் 1-க்கு முன்பு வரை என்று கேளுங்கள். பதில் ஒன்றுதான். ஆனால் முதல் விதத்தில் தேதி ஒரு பங்ஷனுக்குள் போய்விட்டதால் அந்த இண்டெக்ஸ் உதவாது, முழு அட்டவணையையும் வாசிக்கும். இரண்டாவது நேராகப் போய் எடுக்கும். ஸ்லோ என்று வரும் புகாரில் ஒரு பெரிய பங்கு இந்த மாதிரி விஷயம்தான். புது செர்வர் வாங்கச் சொல்லும் முன் இதைப் பார்ப்பவருக்குத்தான் மதிப்பு.

இனி மீட்பது. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரலைச் சேமிக்கும் இணையச் சேவையான கிட்லேப் நிறுவனத்தில் என்ன நடந்தது என்று கட்டாயம் படியுங்கள், அவர்களே ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். ராத்திரி நேரம், பொறியாளர் ஒருவர் களைப்பில் இரண்டாம் செர்வர் என்று நினைத்து முதன்மை செர்வரின் தரவுக் கோப்புகளை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 மட்டும் மிஞ்சியிருந்த நேரத்தில்தான் நிறுத்தினார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தினமும் எடுப்பதாக நினைத்திருந்த பேக்கப் பல நாளாக வெற்றாக இருந்தது. பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, தரவுத்தளம் 9.6, அதனால் ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றுபோயிருக்கிறது. பிழைச் செய்தி மின்னஞ்சலில் போயிருக்கிறது, ஆனால் மின்னஞ்சல் செர்வர் அதை ஏற்காமல் தள்ளிவிட்டிருக்கிறது. ஐந்து பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்றும் சரியாகக் கைகொடுக்கவில்லை. வேறொரு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்த ஒரு பிரதி இருந்ததால் பிழைத்தார்கள். அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

அழித்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை, களைத்த மனிதன் தப்பு செய்வான். பேக்கப்பை யாரும் மீட்டுப் பார்க்காததுதான் அங்கே உண்மையான ஓட்டை. மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பச்சை டிக் வந்தது, கோப்பு இருக்கிறது, அளவு இருக்கிறது என்பதெல்லாம் போதாது. வேறொரு கணினியில் அதைத் திறந்து, வரிசைகளை எண்ணி, நேற்றைய சீட்டு உள்ளே இருக்கிறதா என்று பார்த்தால்தான் உண்டு.

இன்னொரு குழப்பம், ரெப்ளிகேஷனை பேக்கப் என்று நினைப்பது. இரண்டாவது செர்வர் ஒன்று முதலாவதைப் பார்த்து உடனுக்குடன் அப்படியே எழுதிக்கொண்டிருக்கும். முதலாவது எரிந்துபோனால் இரண்டாவது கைகொடுக்கும். ஆனால் எந்த வரிசைகளை என்று சொல்லும் வேர் (WHERE) நிபந்தனை இல்லாமல் யாரோ டெலீட் அடித்தால் அந்த டெலீட்டும் உடனுக்குடன் அங்கே போய்விடும். இரண்டும் சேர்ந்து காலி.

அதனால் நீங்கள் கற்க வேண்டியது, குறிப்பிட்ட நேரத்துக்குத் திரும்பிப் போவது. தரவுத்தளம் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு லாக்கில் (இது பூட்டு இல்லை, மாற்றங்களைக் குறிக்கும் பதிவேடு) எழுதிவிட்டுத்தான் மற்றதைச் செய்கிறது. முழு பேக்கப் ஒன்றும் அதற்குப் பிறகான லாக்குகள் எல்லாமும் கையில் இருந்தால், மாலை 3:41-க்கு டெலீட் அடித்தார்கள் என்று தெரிந்தால், 3:40 வரை கொண்டுபோய் நிறுத்தலாம். உங்கள் லேப்டாப்பில் இதைச் செய்யுங்கள். போஸ்ட்கிரெஸ் இலவசம், 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் போதும். எடைப் பாலத் தரவை ஏற்றுங்கள், லாக் சேமிப்பை இயக்குங்கள், முழு பேக்கப் எடுங்கள். பிறகு இன்னும் சில சீட்டுகளைப் போடுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், வேண்டுமென்றே எல்லாவற்றையும் அழியுங்கள். இப்போது மீட்டெடுங்கள். முதல் முறை வராது. எங்கே நின்றது, லாக் என்ன சொன்னது, என்ன செய்ததும் சரியானது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நோட்டைப் பார்த்து மறுபடி செய்யுங்கள். கடைசியில் வேறு ஒருவர் உங்கள் நோட்டை மட்டும் பார்த்துச் செய்யும் அளவுக்கு அது தெளிவாக இருக்க வேண்டும். அப்புறம் அதையே எஸ்.கியூ.எல். செர்வரில் செய்யுங்கள். கற்கவும் சோதிக்கவும் டெவலப்பர் பதிப்பு இலவசம். அதில் ஃபுல் ரெக்கவரி என்ற நிலையில் வைத்துவிட்டு லாக் பேக்கப் எடுக்காமல் விட்டால் லாக் கோப்பு வளர்ந்துகொண்டே போய் வட்டை நிரப்பிவிடும். அதையும் வேண்டுமென்றே செய்து பாருங்கள், நிஜ வேலையில் அதைக் கட்டாயம் சந்திப்பீர்கள்.

எவ்வளவு பேக்கப் போதும் என்பதைத் தொழில்நுட்பம் மட்டும் முடிவு செய்யாது. உரிமையாளரிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: எவ்வளவு நேரத் தரவு போனால் தாங்குவீர்கள்? எவ்வளவு நேரத்தில் சிஸ்டம் திரும்ப வர வேண்டும்? எடைப் பாலத்தில் அச்சடித்த சீட்டு கையில் இருக்கும், ஒரு மணி நேரத் தரவு போனாலும் உட்கார்ந்து மறுபடி ஏற்றிவிடலாம். ஆனால் சிஸ்டம் நின்றால் லோரி ரோடு வரைக்கும் நிற்கும், பழம் வெயிலில் காயும். அதனால் அங்கே சீக்கிரம் திரும்புவதுதான் முக்கியம். வங்கியில் ஒரு நொடித் தரவும் போகக் கூடாது. இந்தப் பேச்சை மேலாளரோடு பேசத் தெரிவதும் இந்த வேலையின் திறமைதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லினக்ஸ் கட்டளை வரியில் பயமில்லாமல் வேலை செய்யத் தெரிய வேண்டும்: வட்டில் எவ்வளவு இடம், எந்த ப்ராசஸ் நினைவகத்தை விழுங்குகிறது, லாக் கோப்பை எப்படி வாசிப்பது. கட்டளைகளைத் தொகுத்துத் தானாக ஓட்ட பாஷ் அல்லது பவர்ஷெல், கூடவே கொஞ்சம் பைத்தான். நெட்வொர்க்கில் போர்ட், ஃபயர்வால் என்றால் என்ன என்ற அளவு போதும். ஆங்கிலம் பேச்சுக்கு அவ்வளவாக வேண்டாம், ஆனால் பிழைச் செய்தியையும் ஆவணத்தையும் பொறுமையாக வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தோம் என்று தயங்க வேண்டாம், தினமும் வாசித்தால் அது வந்துவிடும்.

அனுமதி விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாக. சம்பள டேட்டாபேஸில் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, வீட்டு முகவரி எல்லாம் இருக்கும். நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. 2024-இல் திருத்தி, உச்ச அபராதத்தை 300,000 வெள்ளியிலிருந்து 10 லட்சம் வெள்ளியாக்கினார்கள். 2025 ஜூன் முதல், தரவுக் கசிவு பாதிப்பை உண்டாக்கக்கூடியதாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் அறிவிக்க வேண்டும். கசிந்ததே தெரியாதவர் எப்படி அறிவிப்பார்? யார் எப்போது எதைப் பார்த்தார் என்ற பதிவு இருக்க வேண்டும், அதை வைத்திருப்பவர் டி.பி.ஏ. சோதனைக்கு உண்மையான ஆட்களின் தரவை அப்படியே நகலெடுத்துக் கொடுக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். ஏ.ஐ. கருவியிடம் உதவி கேட்கும்போதும் அப்படித்தான், கேள்வியின் அமைப்பைக் கொடுக்கலாம், ஆட்களின் விவரத்தைக் கொடுக்கக் கூடாது.

கிளவுட், அதாவது இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் செர்வர்கள், வந்த பிறகு டி.பி.ஏ. தேவையா என்று உங்கள் விரிவுரையாளர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அமேசான் 2024 ஆகஸ்டிலும் மைக்ரோசாப்ட் 2025 மே மாதத்திலும் மலேசியாவுக்கென்று கிளவுட் வட்டாரம் திறந்தன, ஆகவே உள்ளூர்க் கம்பெனிகள் அங்கே நகர்வது கூடும். செர்வரை நிறுவுவது, பேட்ச் போடுவது, தினசரி பேக்கப் ஆகியவற்றை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், அந்தப் பகுதி வேலை குறைவது உண்மை. ஆனால் மோசமாக எழுதிய கேள்வி கிளவுடிலும் மெதுவாகத்தான் ஓடும், அங்கே மாதக் கட்டணத்தையும் ஏற்றிவிடும். எந்த நேரத்துக்கு மீட்பது, யாருக்கு அனுமதி என்று முடிவு செய்ய ஆள் வேண்டும். வெறுமனே நிறுவத் தெரிந்தவருக்கு இனி இடம் குறைவு. மேலே சொன்னவை தெரிந்தவருக்கு இடம் உண்டு.

இப்போது அந்த 6,000 வெள்ளி. ஆரக்கிள் சான்றிதழ் மோசம் என்று சொல்ல மாட்டேன், வங்கியிலும் பெரிய நிறுவனங்களிலும் அதைப் பார்ப்பார்கள். ஆனால் வேலை அனுபவம் இல்லாமல் சான்றிதழ் மட்டும் கையில் இருப்பவரை நேர்காணலில் "வட்டு நிரம்பிவிட்டது, டேட்டாபேஸ் நின்றுவிட்டது, முதலில் என்ன பார்ப்பீர்கள்?" என்று கேட்டால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். 2 மாத வகுப்பில் சொல்லித் தருவதில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கிறது. ஆரக்கிளுக்கே இலவசப் பதிப்பு இருக்கிறது. மைக்ரோசாப்ட் தன் டி.பி. 300 பரீட்சைக்கு, அதாவது அதன் கிளவுடான அசூரின் டேட்டாபேஸ் நிர்வாகத்துக்கு, முழுப் பாடங்களையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: பழைய காணொளிகள் அமேசானின் டேட்டாபேஸ் ஸ்பெஷாலிட்டி சான்றிதழ் எடுக்கச் சொல்லும், அது 2024 ஏப்ரலிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்கென்று வகுப்பு நடத்திப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு முக்கியமான காரணமும் உண்டு. வேலையில் சேர்ந்த பிறகு இதே பயிற்சிக்குக் கம்பெனியே கட்டும் வாய்ப்பு இருக்கிறது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்கள் உள்ள கம்பெனிகள் பல துறைகளில் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கோர்ப் என்ற மனிதவள மேம்பாட்டு அமைப்புக்கு லெவியாகக் கட்டுகின்றன. அந்தப் பணத்தை ஊழியர் பயிற்சிக்கு அவர்கள் கோரிப் பெறலாம், பலர் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறார்கள். வேலைக்குச் சேர்ந்து தகுதிகாண் காலம் முடிந்ததும் மேலாளரிடம் நீங்களே கேளுங்கள். அப்பாவின் சேமிப்பு அப்பாவிடமே இருக்கட்டும். பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் லேப்டாப்பில் ரேம் கூட்டுங்கள்.

டிப்ளோமாவோடு நிறுத்தலாமா, டிகிரி வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். என் அபிப்பிராயம், முடிந்தால் டிகிரி படியுங்கள், ஆனால் உடனே வேண்டும் என்றில்லை. ஸ்கூடாயில் யு.டி.எம்., பாரிட் ராஜாவில் யு.டி.எச்.எம். ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களிலும் கணினித் துறை இருக்கிறது, இரண்டுமே நம் மாநிலம், பி.டி.பி.டி.என். என்ற அரசுக் கல்விக் கடனும் உண்டு. சில வங்கிகளும் அரசுசார் நிறுவனங்களும் டிகிரி இல்லாத விண்ணப்பத்தை முதல் வடிகட்டலிலேயே தள்ளிவிடுகின்றன, சம்பள உயர்விலும் அது குறுக்கே வரும். வீட்டு நிலைமை இடம் கொடுக்காவிட்டால் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் பகுதி நேரமாகப் படியுங்கள். நான் பார்த்த நல்ல டி.பி.ஏ.க்களில் அப்படி வந்தவர்கள் நிறைய.

முதல் வேலையே டி.பி.ஏ. என்று கிடைப்பது அபூர்வம். யாரும் புது ஆளிடம் சம்பள டேட்டாபேஸைத் தர மாட்டார்கள். அப்ளிகேஷன் சப்போர்ட், ரிப்போர்ட் எழுதுவது, ஜூனியர் டெவலப்பர், ஐ.டி. ஹெல்ப்டெஸ்க் இவற்றில் ஒன்றில் நுழையுங்கள். இவற்றில் ரிப்போர்ட் எழுதும் வேலைதான் எனக்குப் பிடித்த வாசல், ஏனென்றால் நாள் முழுக்க எஸ்.கியூ.எல். எழுதுவீர்கள், கம்பெனியின் தரவு முழுவதையும் தெரிந்துகொள்வீர்கள். அங்கே இருக்கும் டி.பி.ஏ.வோடு பழகுங்கள், மாதாந்திர மீட்புச் சோதனையை நான் செய்து தருகிறேன் என்று கேளுங்கள். யாருக்கும் பிடிக்காத வேலை அது, சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார்கள்.

வேலையின் இன்னொரு பக்கத்தையும் அப்பா அம்மாவிடம் சொல்லி வையுங்கள். பெரிய மாற்றங்களை ஞாயிறு அதிகாலையில்தான் செய்வோம், யாரும் சிஸ்டத்தில் இல்லாத நேரம் அதுதான். ராத்திரியில் போன் வரும். பல இடங்களில் பண்டிகை விடுமுறையை மாற்றிக்கொள்வோம். தீபாவளிக்கு மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், ராயாவுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நாம் உட்காருவோம். பெண் பிள்ளை ராத்திரியில் எங்கே போகிறாள் என்று வீட்டில் கவலைப்பட்டால், இந்த வேலையில் பெரும்பாலும் வீட்டிலிருந்தே செர்வருக்குள் நுழைந்து பார்த்துவிடலாம் என்று சொல்லுங்கள். நல்ல இணையம் வேண்டும், அவ்வளவுதான்.

இன்டர்ன்ஷிப் இன்னும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய பெயரைத் தேடி அலையாதீர்கள். டேட்டாபேஸை யாராவது உண்மையில் பராமரிக்கும் இடமாகப் பாருங்கள்: தனியார் மருத்துவமனை, செனாய் பக்கத்துத் தொழிற்சாலை, லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி, தோட்ட நிறுவனத்தின் தலைமையலுவலகம். விண்ணப்பத்தில் தேர்ச்சிப் பட்டியலோடு அந்த எடைப் பால டேட்டாபேஸின் அமைப்பையும் மீட்பு நோட்டையும் இணைத்து அனுப்புங்கள். நேர்காணலில் "உங்கள் பேக்கப்பைக் கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்?" என்று நீங்களே மரியாதையாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த ஆள் அங்கே இருந்தால் அந்த இடத்தில் சேருங்கள், சம்பளம் நூறு வெள்ளி குறைந்தாலும் பரவாயில்லை. செமஸ்டர் முடிய இருக்கும் வாரங்களில் போஸ்ட்கிரெஸை நிறுவி சீட்டு அட்டவணையைத் தொடங்கிவிடுங்கள். எங்காவது மாட்டிக்கொண்டால் பிழைச் செய்தியை முழுசாக, ஒரு எழுத்து விடாமல் எழுதிக் கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.